நான் உழுத பாதையும் நம் மகள் நின்ற தேர்தலும்

என் தனத்துக்கு, நீ படுத்திருக்கிற இடத்தில் இந்த வருஷம் தண்ணீர் ஏறாமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வருகிற கார்த்திகையோடு நீ போய் ஒரு வருஷம். உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதி, நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுக்கலாம் என்று நம் மகள் வளர்மதி சொன்னாள். பாகூர் அச்சகத்துக்குப் போனேன். 'மண்ணுலகை விட்டு விண்ணுலகு சென்ற' என்று ஒரு மாதிரியை எடுத்து நீட்டினார்கள். படித்ததும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நீ எங்கே விண்ணுலகு போனாய்? ஏரிக்கரைக்கு அந்தாண்டை நம் காலனி சுடுகாட்டில்தானே இருக்கிறாய்.

அதனால் அந்த நாலு வரியை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தேன். நானே எழுதுகிறேன். இதைத்தான் நோட்டீஸாக அடிக்கப் போகிறோம். ஊர்க்காரர்களும் படிக்கட்டும். என் கையெழுத்தைப் பார்த்து "கோழி கிளறின மாதிரி கீது" என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

வீட்டில் எல்லாரும் சுகம். சினையாக விட்டுப்போனாயே அந்தக் கறுப்பு ஆடு, அது இரண்டு குட்டி போட்டது. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நான் இப்போது டிராக்டர் ஓட்டுவதில்லை, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் பெரிய சேதி. இத்தனை வருஷம் நடக்காமலே கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் ஒருவழியாக நடந்தது. அதில் நம் மதி தலைவர் பதவிக்கு நின்றாள்.

ஜெயித்தாளா என்று உடனே கேட்பாய். எதற்கும் அவசரப்படுவது உன் புத்தி. கொஞ்சம் பொறு.

செல்லிப்பட்டில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து அவள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாளே, அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஒரு கேள்வி கேட்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காரச் சொன்னாய். நான் மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. வாழப் போன பெண் திரும்பி வந்துவிட்டாள் என்று டீக்கடையில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று டீ குடிப்பதையே நிறுத்தினேன். அவள் பாகூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மனு எழுதத் தெரியாமல் அங்கே வந்து முழித்தவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். விதவை பென்ஷன், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், குழாயில் வராத தண்ணீர் என்று எதுவானாலும் எழுதினாள்.

கொஞ்ச நாளில் ஆட்கள் மஞ்சப்பையோடு நம் வாசலுக்கே வந்தார்கள். நான் வேலை முடிந்து வந்தால் செருப்பு விட இடமிருக்காது. "இது வூடா, தாலுக்கா ஆபீசா?" என்று கத்துவேன். "ஆபீஸா இருந்தா நீ ஏன்யா ஏப்பம் வுட்டுக்கினே வர்ற, போய் வரிசையில நில்லு" என்பாய் நீ. உன்னோடு வாயைக் கொடுத்து நான் என்றைக்கு மீண்டிருக்கிறேன்?

தேர்தல் அறிவித்ததும் மகளிர் குழுப் பெண்கள் பத்துப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். "மதி நிக்கணும், நாங்க தெருத்தெருவா வர்றோம்" என்றார்கள். நான் முடியவே முடியாது என்றேன். எதிரே நிற்கப் போவது யார் தெரியுமா? சின்னவர். நான் இருபத்திரண்டு வருஷம் டிராக்டர் ஓட்டிய முதலாளியின் மகன். அவர்கள் வயலில் உழுதுவிட்டு, அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு எதிராக என் மகளை நிறுத்தினால் என் கதி என்ன என்று கேட்டேன். இது வெளியே சொன்ன காரணம்.

உள்ளே வேறு காரணம் இருந்தது. மதி எழுதி வைத்திருந்த தேர்தல் நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியே, 'காலனி சுடுகாட்டுக்கு வண்டி போகிற பாதை.' சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன், தனம்.

இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

நாம் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பாதையில் மாட்டுவண்டி போகும். முதலாளியின் தகப்பனார் காலத்தில் வாய்வார்த்தையாக விட்ட பாதை, எந்தக் காகிதத்திலும் கிடையாது. இரண்டு பக்கமும் அவர்கள் வயல். நான் டிராக்டரில் ஏறிய முதல் வருஷம், கடைசி உழவுச்சால் ஓட்டும்போது முதலாளி கரையில் நின்றுகொண்டு, "கொஞ்சம் ஓரமா புடி, ஏழுமல" என்றார். பிடித்தேன். பாதையில் ஒரு சாண் உள்ளே வந்தது. "கைன்னா இது கை" என்று மெச்சினார். அவ்வளவுதான், அதற்கப்புறம் அவர் சொல்லவே இல்லை. நானாகத்தான் செய்தேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். வயலில் மூலை விடாமல், கோடு போட்ட மாதிரி உழுகிறவன்தான் டிரைவர் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. பாதை ஓரம் கோணல்மாணலாகக் கிடக்கும். அதை நேராக்க வேண்டும் என்று ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு கொழு, கலப்பை முனை அகலத்துக்கு, உள்ளே விடுவேன். பின்னாலேயே ஆட்கள் வந்து மண்வெட்டியால் அண்டை வெட்டி வரப்பை வழித்துவிடுவார்கள். அது பாதை என்பதே எனக்கு மறந்துபோனது. நேராக இருக்கிறதா என்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டி போன இடத்தில் சைக்கிள் போனது, பிறகு சைக்கிளும் போகவில்லை. கடைசியில் ஒருவர் பின்னால் ஒருவர் நடக்கிற வரப்புதான் மிச்சம்.

அந்த வரப்பில்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். விடாமல் மழை. இரண்டு பக்கமும் நடவு வயல், முழங்கால் தண்ணீர். வரப்பில் நாலு பேர் சேர்ந்து நடக்க முடியாது என்று பாடை தூக்கியவர்கள் வயலுக்குள் இறங்கினார்கள். என் சித்தப்பா மகன் சேகர் சேற்றில் வழுக்கி விழுந்தான். பாடை சாய்ந்து உன் கை வெளியே வந்துவிட்டது. மதிதான் ஓடிப்போய் அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்தாள். நான் பின்னாலேயே குனிந்துகொண்டு வந்தேன். துக்கத்தில் தலை குனிந்திருக்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டு போனது அந்த வரப்பின் ஓரத்தை. அவ்வளவு நேராக இருந்தது.

இப்போது புரிகிறதா, அந்த நோட்டீஸைப் பார்த்து நான் ஏன் கத்தினேன் என்று?

மதி நான் கத்தியதைக் கேட்டுவிட்டு அடுத்த நாள் போய் மனுத்தாக்கல் செய்துவிட்டு வந்தாள். உன் மகளாயிற்றே. சின்னம் என்ன கிடைத்தது தெரியுமா? இஸ்திரிப் பெட்டி. ஜென்மத்தில் ஒரு துணியை இஸ்திரி போட்டு உடுத்தியிருப்பாளா அவள்? கசங்கின புடவையோடு இஸ்திரிப் பெட்டிக்கு ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாகப் போனாள்.

காலனியில் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஊர்த்தெருவுக்குள்ளும் போனாள். முதல் வீட்டில் வாசலிலேயே நிற்கவைத்தார்கள், நின்றபடியே பேசினாள். நாலாவது வீட்டில் ஒரு அம்மா வெளியே வந்து, "எம் புருசன் செத்தப்போ பென்சனுக்கு எழுதிக் குடுத்த பொண்ணுதான நீ, உள்ள வாம்மா" என்று கூப்பிட்டு மோர் கொடுத்ததாம். பனித்திட்டிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டு வருவாளே செல்வி, அவளுக்கு இங்கே ஓட்டே கிடையாது. அவள் என்ன செய்தாள் என்றால், மீன் வாங்குகிறவர்களுக்கெல்லாம் கூடையிலிருந்து ஒரு நோட்டீஸையும் எடுத்துக் கொடுத்தாள். கவுச்சி வாசனையோடு நம் மகளின் நோட்டீஸ் வீட்டுக்கு வீடு போனது.

நான் எதற்கும் போகவில்லை. வயலும் வீடுமாக இருந்தேன்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்த்தொட்டி பக்கத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நிற்கிறவர்கள் எல்லாரும் வந்து ஜனங்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அதற்கு மட்டும் நானும் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். ஊரும் காலனியும் ஒரே இடத்தில் உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நடுவில் ஒரு மாடு படுக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள், அது வேறு. சேகர் எழுந்து பாதையைப் பற்றிக் கேட்டான்.

சின்னவர் கெட்ட மனிதர் இல்லை. தன்மையாகத்தான் பேசினார். "நான் படிப்பு முடிச்சி ஊருக்கு வந்த நாள்ல இருந்து அங்க வரப்புதாங்க இருக்குது. பாதை எதுவும் கெடையாது. பத்திரத்துல இருந்தா காட்டுங்க. இல்ல, அந்தப் பாதையில வண்டி போனதைக் கண்ணால பாத்தவங்க ஒருத்தர் இந்தக் கூட்டத்துல எந்திரிச்சி சொல்லட்டும். நான் குடுத்துடறேன்" என்றார்.

மதி மைக்கை வாங்கினாள். "பத்திரத்துல இல்லீங்க, அத ஒத்துக்கறேன். ஆனா நடந்தவங்க இருக்காங்க" என்றாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. வயதானவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டு நெல்லே முதலாளி களத்திலிருந்துதான் வருகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் உண்டா? மதி கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த பக்கம் வந்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். என்னைப் பார்க்கக் கூடாது என்றே பார்க்காமல் விட்டாள், தனம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்துவிட்டேன். முட்டி ஒரு பக்கம் இழுக்கிறது.

"நான் பாத்தேன்" என்றேன். "வண்டி போச்சி. எட்டடி அகலம் இருந்திச்சி. அதை ஓட்டி ஓட்டி வரப்பாக்கினவன் நான்தான். பட்டத்துக்கு ஒரு கொழு உள்ள வுட்டேன்."

சின்னவர் முகம் மாறியது. "எங்கப்பா சொல்லித்தான் செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் எனக்குப் பழி குறைந்திருக்கும். வாய்வரைக்கும் வந்தது. "ஒரு வாட்டி சொன்னாரு. மத்ததெல்லாம் நானாத்தான் செஞ்சேன்" என்றேன்.

முதலில் வெடித்தது நம் ஆட்கள்தான். சேகர் என் சட்டையைப் பிடிக்க வந்துவிட்டான். "நாங்க சேத்துல வுழுந்தப்ப பின்னாலதானடா வந்த? அது உன் பொண்டாட்டிடா" என்றான். பிடிக்கட்டும் என்று நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தன், "அப்பன் உழுவான், மவ பாதை கேப்பா, நல்ல குடும்பம்பா" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. என் மகள் இத்தனை நாள் நடந்து சேர்த்த ஓட்டெல்லாம் ஒரு நிமிஷத்தில் என்னால் கொட்டிப்போனது என்று நினைத்தேன்.

மதி மைக்கைக் கீழே வைக்கவில்லை. சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நின்றாள். அப்புறம் சொன்னாள்: "எங்கப்பா உழுததுதாங்க. நான் மறைக்கல. அதனாலதான் அதைத் திருப்பிப் போடற வேலை மொதல்ல எங்க வூட்டோடது. ஓட்டுப் போட்டாலும் போடலன்னாலும் அதை நான் செய்வேன்." குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அழுகிறவளாக இருந்தால் நான் தேற்றியிருப்பேன். இவளை என்ன செய்வது? பெருமையில் எனக்குத்தான் அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஊருக்கு நடுவில் நின்று அழுதேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"தெரியும்பா. எனுக்கு மின்னயே தெரியும்."

"எப்படிம்மா?"

"அம்மாதான் சொல்லிச்சி. மொத மொத பாதைக்கு மனு எழுதறப்போ, அப்பாவ சாட்சியா போடலாமான்னு கேட்டேன். வேணாம்டி, அந்த மனுசன் தானா ஒரு நாளு வாயத் தொறக்கும், நாம புடிச்சி இழுத்தா அறுந்துடும்னு சொல்லிச்சி."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன், தனம். உனக்குத் தெரிந்திருந்ததா? எப்போதிலிருந்து தெரியும்? உழுதுவிட்டு வந்து காலில் சேற்றைக் கழுவும்போது என் முகத்தில் இருந்ததா? தெரிந்துகொண்டேதான் எனக்குச் சோறு போட்டாயா? அந்த வரப்பில்தான் உன்னையும் கொண்டுபோவார்கள் என்று தெரிந்துகொண்டேவா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? உப்பு குறைந்ததற்கெல்லாம் என்னோடு மல்லுக்கு நின்றவள்தானே நீ.

அடுத்த நாள் காலையில் இனிமேல் வர வேண்டாம் என்று முதலாளி ஆள் அனுப்பினார். எதிர்பார்த்ததுதான். இப்போது மூலக்குளத்தில் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு பில்டிங்குக்குப் பகல் வாட்ச்மேனாகப் போகிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும். அந்தச் சாலையில் வண்டிச் சத்தத்தில் காது அடைத்துப்போகிறது. ஆனால் நிம்மதியாகச் சோறு இறங்குகிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மதி ஜெயிக்கவில்லை. இருபத்தாறு ஓட்டில் சின்னவரிடம் போனது. எண்ணி முடித்ததும் நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, என் வாயால்தான் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன். "ஊர்த்தெருவுல எனுக்கு எவ்ளோ விழுந்துதுன்னு பாத்தியா நீ? காலனி ஓட்டை மட்டும் வெச்சிக்கினா இந்தக் கிட்டத்துல வந்திருக்க முடியும்?" என்று என்னையே அதட்டினாள். மறுநாள் காலையில் வாசலில் மஞ்சப்பைகள். தோற்றவளிடம் யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். முன்பைவிட இரண்டு பேர் அதிகம்.

எண்ணிக்கை முடிந்து ஒன்பதாவது நாள் சின்னவர் நம் வீட்டுக்கு வந்தார். நடந்து வந்தார். அந்த வீட்டிலிருந்து ஒருத்தர் நம் வாசலில் வந்து நின்று நான் பார்த்ததே கிடையாது. நாற்காலி துடைத்துப் போட்டேன், உட்கார்ந்தார்.

"கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். ஒருத்தர் எந்திரிச்சி சொன்னா குடுக்கறேன்னு. நீங்க எந்திரிச்சிட்டீங்க. அப்பாக்கு இதுல இஷ்டமில்ல, நான் பேசிக்கறேன். பாதை எதுலேர்ந்து எது வரைக்கும் இருந்துச்சின்னு வந்து காட்டுங்க" என்றார்.

போனோம். எனக்கு ஒவ்வொரு அடியும் தெரியும், எடுத்தவன் நான்தானே. எந்த இடத்தில் எவ்வளவு உள்ளே வந்தேன் என்று சொல்லச் சொல்ல, சேகர் குச்சி நட்டான். என்னோடு பேச்சில்லை, ஆனால் நான் காட்டின இடத்தில் சரியாக நட்டான். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை மதி பிடித்தாள். நட்டு முடித்ததும் சின்னவர் கொஞ்சம் தயங்கினார். "இவ்ளோ வேணுமா? ஆறடி போதுமே" என்றார்.

"போதாதுங்க தலைவரே" என்றாள் மதி. "தூக்கறவங்க ரெண்டு பக்கமும் நடக்கணும். மழைக்கு ஓரம் கரையும், அதுக்கும் சேத்து வேணும். எட்டடி இருந்திச்சி, எட்டடிதான் வேணும்." தேர்தலில் தோற்றவள் பேசுகிற பேச்சா அது? அவர் என்னைப் பார்த்தார். நான் கயிற்றை எட்டடியிலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தலையை ஆட்டினார்.

முதலாளியைச் சின்னவர் எப்படியோ சம்மதிக்க வைத்துவிட்டார். பாதையைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்து ரெஜிஸ்டர் ஆகிவிட்டது. அந்தக் காகிதத்தில் சாட்சி என்று போட்ட இடத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. போன வாரம் மண் கொட்ட ஆரம்பித்தார்கள். தலைவர் நாற்காலியில் சின்னவர் உட்கார்ந்திருக்கிறார். வேலை நடக்கிற இடத்தில் வெயிலில் நிற்பது நம் மகள். டீக்கடைக்கு இப்போது தினம் போகிறேன். "மதியோட அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏழுமலை என்று ஒருத்தன் இருந்ததே மறந்துவிட்டது போலிருக்கிறது. இருக்கட்டும், எனக்கு அது போதும்.

இன்னொரு தேர்தல் வரும். அவள் மறுபடியும் நிற்பாள். இந்தத் தடவை வீட்டில் முடங்கிக் கிடந்த மாதிரி அப்போது கிடக்க மாட்டேன், ஊர்த்தெருவில் அவளுக்கு முன்னால் நடப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

இன்னொரு வாக்கும் இருக்கிறது. பாதையின் ஓரம் கரையாமல் பார்த்துக்கொள்கிற வேலையை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு போவேன். கை நடக்கிற வரைக்கும் அதில் ஒரு விரல் அகலம்கூட யாரையும் எடுக்க விடமாட்டேன். ஒரு நாள் என்னையும் உன் பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தூக்குகிறவர்கள் அன்றைக்குச் சேற்றில் இறங்காமல், நிமிர்ந்து நடந்து வருவார்கள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், மதியோட அப்பா,
ஏழுமலை